கையில் இருக்கும் பேஸ் கிட்டாரே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசை மேடைகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். சனி, ஞாயிறுகளில் சிலருக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் விரல் பழக்கத்தைவிட, கையில் இருப்பதையே வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா என்பதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரே ஐயத்தைப் பலரும் பல விதமாகக் கேட்டதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தொகுத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களின் கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

மாஸ்டர், பேஸ் வாசிக்க ஆரம்பிக்கிறதுக்குக் கண்டிப்பா என்னென்ன வேணும்?

சுருதி நிற்கும் ஒரு பேஸ் கிட்டார், ஒரு நல்ல கேபிள், வீட்டில் பயிற்சி செய்ய ஒரு சிறிய ஆம்ப் அல்லது ஹெட்போனில் கேட்க ஏதேனும் ஒரு வழி, இவை போதும். டியூனரும் மெட்ரோனோமும் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மிகத் தடித்த, தாழ்ந்த ஈ (E) கம்பியின் ஓசையைக் கைப்பேசி மைக் பிடிக்கத் தடுமாறினால், 12ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நேர் மேலே கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டி, ஹார்மோனிக் எனப்படும் மேலோசையை எழுப்புங்கள். டியூனர் உடனே காட்டிவிடும்.

கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கிட்டார் கெட்டுவிட்டது என்று பதறி என்னிடம் எடுத்துவரப்பட்டவற்றில் பலவற்றுக்கு, ஜாக்கின் உள்ளே ஈயப் பற்று விட்டுப்போன கேபிளே காரணமாக இருந்தது.

என்கிட்ட இருக்கிறது ஆரம்பநிலை கிட்டார்தான். இதை வச்சு மேடை ஏறினா சவுண்ட் மட்டமா இருக்காதா?

நான்கு கம்பி பேஸில் மிகத் தாழ்ந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. கைப்பேசியின் ஒலிபெருக்கியால் அந்த ஓசையை எழுப்பவே முடியாது. கல்யாண மண்டபங்களில் வைக்கப்படும் பெட்டிகள் பலவும் அந்த ஆழத்தில் தளர்ந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் நமக்கு பேஸ் கேட்பதற்குக் காரணம், அதே கம்பி கூடவே எழுப்பும் 82, 124, 165 ஹெர்ட்ஸ் மேலோசைகளைக் கேட்டு, அடியில் விடுபட்ட சுரத்தை நம் மூளையே நிரப்பிக்கொள்வதுதான். ஆகவே மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்குப் போய்ச் சேர்வது உங்கள் கிட்டாரின் மரமோ அதன் மேல் பூச்சோ அல்ல. சுரம் டிரம்மின் கிக்கோடு சேர்ந்து விழுந்ததா, எவ்வளவு நேரம் நின்றது, எந்த இடத்தில் சுத்தமாக அடங்கியது என்பவைதான் அவருக்குக் கேட்கின்றன. இம்மூன்றும் விரல்களின் வேலை.

விலை உயர்ந்த கிட்டாருக்கும் மற்றதற்கும் வேறுபாடே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஃப்ரெட்டுகளின் ஓரம் கையை அறுக்காமல் இழைக்கப்பட்டிருக்கும், கம்பியை முறுக்கும் கீகள் சுருதியை இறுகப் பிடிக்கும், கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப்பில் இரைச்சல் குறைவாக இருக்கும். ஆனால் அந்த நன்மைகளில் பெரும்பகுதி வாசிப்பவரின் கைக்குக் கிடைக்கும் வசதிதான்; அதில் பாதியையாவது உங்கள் கிட்டாரிலேயே கொண்டுவர முடியும். எப்படி என்பதைச் செட்டப், அதாவது கழுத்தையும் கம்பிகளின் உயரத்தையும் சுருதியையும் சீராக்குவது, பற்றிய பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

புதுசு வாங்கறப்ப இருக்கிற சந்தோஷம் ஆறு மாசத்துல போயிடுது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. ஸ்டீலி டேன் என்ற அமெரிக்க ராக் குழுவின் வால்டர் பெக்கர், அவரும் பேஸ் வாசித்தவர்தான், 1990களிலேயே இதற்கு ஒரு நோயின் பெயரைப் போல 'கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு எழுதினார். கிட்டார் வாங்கிக் குவிக்கும் நோய் என்று பொருள். உலகம் முழுவதும் வாசிப்பவர்கள் இன்று அதைச் சுருக்கி 'காஸ்' என்கிறார்கள். பெயர் வைத்து அழைக்கும் அளவுக்குப் பரவிய ஒன்று என்பதால், இதற்காகக் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

ஆனால் அந்த ஆறு மாதத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். கடையிலிருந்து வரும்போது கம்பிகள் புதியவை, கழுத்து நேராக இருக்கிறது, கைக்குப் புதிய உணர்வு கிடைப்பதால் நீங்களும் தினமும் வாசிக்கிறீர்கள். ஆறு மாதத்தில் கம்பிகளில் வியர்வையும் அழுக்கும் ஏறி ஓசை மங்குகிறது, மழைக்கால ஈரத்தில் கழுத்து வளைகிறது, பயிற்சியும் குறைகிறது. மாறியது இவைதான். மாறியதை மட்டும் சரிசெய்தால் போதுமானதாக இருக்க, நாம் கிட்டாரையே மாற்றப் புறப்படுகிறோம். புதிய கிட்டாருக்கும் அடுத்த ஆறு மாதத்தில் இதே கதிதான்.

செட்டப், செட்டப்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் இருக்கு அதுல?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். சென்ற மழைக்காலத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் தம் நான்கு கம்பி கிட்டாரை விற்றுவிடப் போவதாகச் சொல்லி எடுத்து வந்தார். மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனால் சுருதி சேரவில்லை, அரை மணி நேரத்தில் இடக்கை வலிக்கிறது என்பவை அவருடைய குறைகள். முதல் ஃப்ரெட்டையும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லி, நடுவில் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். அங்கே ஒரு விசிட்டிங் கார்டின் கனம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், இருந்தால் போதும். அவருடைய கிட்டாரில் மூன்று கார்டுகள் உரசாமல் நுழைந்தன.

கழுத்தின் உள்ளே ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடை ஆலன் கீயால் வலப்புறமாகக் கால் சுற்று திருகி, கம்பிகளை மறுபடி சுருதிக்குக் கொண்டுவந்து, சற்று நேரம் விட்டு, மீண்டும் கால் சுற்று திருகினோம். இடைவெளி ஒரு கார்டுக்கு இறங்கியது. பிறகு பிரிட்ஜில் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) ஒவ்வொரு கம்பியும் அமரும் சேடில்களை இறக்கி, 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். கடைசியாக, ஒவ்வொரு கம்பியிலும் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பிய சுரத்தையும் டியூனரில் ஒப்பிட்டோம். ஏ கம்பியில் ஹார்மோனிக் நடுவில் நின்றது. அழுத்தியபோதோ முள் வலப்பக்கம் சாய்ந்தது. சுருதி கூடியிருக்கிறது என்று அதற்குப் பொருள். சேடிலைப் பின்னுக்கு இழுத்துக் கம்பியின் நீளத்தைச் சற்றே கூட்டியதும் இரண்டும் ஒன்றாயின. சுருதி குறைந்து காட்டியிருந்தால் சேடிலை முன்னுக்குத் தள்ளியிருப்போம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு, உறையில் போட மனமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தார். அந்தக் கிட்டாரை அவர் இன்றுவரை விற்கவில்லை.

ஆண்டுக்கு இரு முறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும், இதைச் செய்துகொள்வது நல்லது. ட்ரஸ் ராட் இறுகி நகர மறுத்தால் அதோடு நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அதை முரட்டுத்தனமாகத் திருகி உடைத்தால் கழுத்தே போய்விடும்.

கம்பி எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?

கணக்கு எதுவும் இல்லை. பளிச்சென்ற உலோக ஓசை வேண்டுமென்றால் உருண்டை இழை சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். தட்டையாகச் சுற்றப்பட்ட ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள் பல ஆண்டுகள் உழைக்கும், நாளாக ஆகக் குரல் இன்னும் கனியும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்துக்காக டெட்ராய்ட் நகரில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரெசிஷன் பேஸில் கனமான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளைப் பூட்டி, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வாசித்தார். வலக்கையில் மீட்டியது பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால். பேஸ் கிட்டார் எப்படிப் பாட வேண்டும் என்பதற்கு இன்றும் அவருடைய பதிவுகளைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பிகளின் மேலும் கீழும் உலர்ந்த துணியால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விரல் நுனியில் பழுப்புத் தூள் ஒட்டத் தொடங்கிவிட்டால் துரு பிடித்துவிட்டது. அப்போது மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கம்பி ஃப்ரெட்டையும் அரித்துவிடும்.

ஆக்டிவ் கிட்டார் வச்சிருக்கேன் அண்ணா. திடீர்னு சவுண்ட் கம்மியாகி உடையுது. வயசாயிடுச்சா, மாத்திடலாமா?

ஆக்டிவ் என்றால் பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ள கிட்டார். பின்புறத் தட்டைத் திறந்து 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் பிரீஆம்ப் (ஓசையைக் கூட்டிச் சீராக்கும் அந்த மின்சுற்று) பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிட வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று இரைந்தால், அதற்குள் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்துப் பத்து முறை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரிய கலைஞர்கள் எல்லாம் விலை உயர்ந்த கிட்டார்தானே வச்சிருக்காங்க?

பலர் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களை நாம் அறியக் காரணமான ஓசை எந்தக் கருவியில் பிறந்தது என்று தேடிப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் தம் ஹோஃப்னர் பேஸை வாங்கியது அது மலிவாகக் கிடைத்ததால்தான். ஏறத்தாழ 30 பவுண்டு. இடக்கையால் வாசிப்பவர் என்பதால், இருபுறமும் ஒரே வடிவில் இருந்த அந்தக் கிட்டார் அவருக்குப் பொருந்திப் போனது. 1972இல் அது திருட்டுப் போய், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. இடையில் பல ஆண்டுகள் அவர் மேடையில் தூக்கி வந்ததும் 1963இல் கிடைத்த இன்னொரு ஹோஃப்னரைத்தான். எந்தக் கிட்டாரை வேண்டுமானாலும் வாங்க வசதியுள்ள ஒருவர் அறுபது ஆண்டுகளாக அதே வகையை விடாமல் வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாகவும் பாடமாகவும் இருக்கிறது.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜேகோ பஸ்டோரியஸின் குரலாகவே ஆகிவிட்ட கருவி, ஃப்ரெட் இல்லாத 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். விரற்பலகை தேயாமல் இருக்கப் படகுகளுக்குப் பூசும் எபாக்சியை அதில் பூசியிருந்தார். நம் பக்கத்துக்கு வந்தால், இளையராஜாவின் இசைக்குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் வரிகளைத் தமிழ்நாட்டில் முணுமுணுக்காத பேஸ் கலைஞர் இருக்க மாட்டார். அவற்றை எழுதியவர் யார், வாசித்தவர் யார் என்று தேடுகிறோம். எந்தக் கம்பெனியின் கிட்டாரில் வாசிக்கப்பட்டன என்பது முதல் கேள்வியாக வருவதே இல்லை.

மறுபக்கமும் உண்டு. ரஷ் என்ற ராக் குழுவின் கெடி லீ நூற்றுக்கணக்கான பழைய பேஸ் கிட்டார்களைத் தேடிச் சேர்த்தவர். தி ஹூ என்ற ராக் குழுவின் ஜான் என்ட்விசில் 2002இல் இறந்தபின் அவர் சேர்த்திருந்த கிட்டார்கள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. சேகரிப்பது தனியான ஓர் அன்பு, அதில் தவறு இல்லை. வாசிப்பு மேம்படும் என்று நம்பி வாங்குவதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

ஒரு நல்ல பெடல் வாங்கினா டோன் மாறும்தானே?

உங்களுக்கு மாறும், கேட்பவருக்கு மாறுமா என்பதுதான் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன், பல மாதம் சேமித்து ஒரு பிரீஆம்ப் பெடலை வாங்கினேன். வீட்டில் தனியாக வாசித்தபோது அது அருமையாக ஒலித்தது. எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைகளைப் பதிவு செய்து வைப்பார்கள். பெடல் வாங்குவதற்கு முந்தைய நான்கு வாரங்களையும் பிந்தைய நான்கு வாரங்களையும் எடுத்து, தேதியைப் பார்க்காமல் கலைத்துப் போட்டுக் கேட்டேன். எது எந்த வாரம் என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெளிவாகத் தெரிந்த வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: ஒரு பாடலில் நான் பிரிட்ஜை ஒட்டி மீட்டியிருந்தேன், இன்னொன்றில் கழுத்தருகே மீட்டியிருந்தேன்.

ஆகவே பெடலுக்கு முன் உங்கள் வலக்கையைச் சோதியுங்கள். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் குரல் இறுகி உறுமும். கழுத்தின் பக்கம் நகர நகரத் தடித்து உருண்டையாகும். இந்த ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே நான்கைந்து குரல்கள் இருக்கின்றன. டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டு இதையே மறுபடி செய்தால் இன்னும் சில குரல்கள் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு: மிக்சர் மேடையிலிருந்து தொலைவில் இருக்கும் இடங்களில் வாசிப்பவருக்கு டிஐ பாக்ஸ், அதாவது கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சிறு பெட்டி, அவசியம். நீண்ட கேபிளில் ஏறும் இரைச்சலை அது தடுக்கிறது. அதை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை.

அஞ்சு கம்பி இல்லாம இப்போ வர்ற பாட்டெல்லாம் வாசிக்க முடியுமா?

பலவற்றை வாசிக்கலாம், சிலவற்றை முடியாது. ஐந்தாவது கம்பியான தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியைப் பற்றி மேலே சொன்னது இந்தக் கம்பிக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். பல மேடைகளில் அந்த ஆழம் வாசிப்பவரின் காலடியில் உள்ள ஆம்போடு நின்றுவிடுகிறது. முதலில் ஈ கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஆக்கி வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு வரும் பாடல்களில் பெரும்பாலானவை அதிலேயே அடங்கக்கூடும். அதுவும் போதாவிட்டால், நான்கு கம்பி கிட்டாரிலேயே கனமான கம்பிகளைப் பூட்டி பி, ஈ, ஏ, டி என்று சுருதி சேர்க்கலாம். தடித்த கம்பி அமர்வதற்கு நட்டில் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) உள்ள பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும், மேல் ஜி கம்பி இருக்காது.

பாடகரின் சுருதிக்காகப் பாட்டை இறக்கிக்கொண்டே போகும் குழுவில் வாரந்தோறும் வாசிப்பவர், தாழ்ந்த சி சுரத்தை ஒவ்வொரு கச்சேரியிலும் தொட வேண்டியவர் என்றால், ஐந்து கம்பி வாங்குவது நியாயமான தேவைதான். தயங்காமல் வாங்குங்கள்.

அப்போ எப்பதான் புதுசு வாங்கலாம்?

இருக்கும் கிட்டாரால் செய்யவே முடியாத ஒரு வேலை, பெயர் சொல்லிக் குறிப்பிடக்கூடிய ஒரு வேலை, உங்கள் முன் வந்து நிற்கும்போது வாங்கலாம். மேலே சொன்ன தாழ்ந்த சி அப்படிப்பட்ட வேலை. கழுத்து முறுக்கிக்கொண்டு ட்ரஸ் ராடுக்கும் அடங்காமல் போவதும், எடை தாங்காமல் தோளும் முதுகும் நோவதும், கை சிறியதாக இருப்பதால் வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளம் எட்டாமல் 30 அங்குலக் குறுங்கழுத்து தேவைப்படுவதும் அப்படியே. உடல் நோவைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதைத் திருப்தி என்று நான் சொல்ல மாட்டேன். டோன் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றினால், முதலில் செட்டப்பையும் கம்பிகளையும் முடித்துவிட்டு, மூன்று மாதம் வாசித்துவிட்டு, மறுபடி யோசியுங்கள்.

வாங்கினாலும் பழையதை அவசரப்பட்டு விற்க வேண்டாம். கைமாற்று விலை குறைவாகவே கிடைக்கும், அதே கிட்டார் திரும்பக் கிடைப்பதும் அரிது. விற்றுவிட்டு வருந்துகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குழுவுல எல்லாரும் பெரிய பிராண்ட் வச்சிருக்காங்க மாஸ்டர். என் கிட்டாரை எடுத்தாலே ஒரு மாதிரி பார்க்கிறாங்க.

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நன்றாக வாசிப்பவர், ஹெட்ஸ்டாக்கில் (கீகள் இருக்கும் கழுத்தின் தலைப்பகுதி) இருக்கும் பெயரை மறைக்கத் துணி சுற்றி எடுத்துவந்தார். அந்தப் பார்வை வலிக்கிறது என்பது உண்மை, அதைப் பொருட்படுத்தாதே என்று வாயால் சொல்வது எளிது. சவுண்ட் செக்கில் முதல் ஆளாகச் சுருதி சேர்த்து நிற்பது, ஒலிப்பதிவாளர் கேட்கும்போது ஒரே அளவான ஓசையில் பத்து நொடி வாசித்துக் காட்டுவது, பாடல்களின் அமைப்பை மனப்பாடமாக வைத்திருப்பது ஆகியவற்றைச் செய்யச் சொன்னேன். டிரம் வாசிப்பவர் உங்களோடு வாசிப்பது சுகமாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டால், மற்றவர்களின் கண் ஹெட்ஸ்டாக்கை விட்டு இறங்கிவிடும். அவர் அந்தத் துணியை எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் பார்த்தபோது அது இல்லை.

இருக்கிறதே போதும்னு நினைச்சுட்டா வளர்ச்சி நின்னு போயிடாதா?

கருவி போதும் என்பதும் வாசிப்பு போதும் என்பதும் வெவ்வேறு. ஒரே கிட்டாரோடு நெடுங்காலம் இருப்பவருக்கு அதன் ஒவ்வொரு ஃப்ரெட்டும் தெரியும். எந்தச் சுரம் சீக்கிரம் அடங்கிவிடும், எந்த இடத்தில் கம்பி நன்றாகப் பாடும் என்பது கையிலேயே பதிந்துவிடும். ஜி கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் கிடைக்கும் சி சுரத்தை டி கம்பியின் பத்தாம் ஃப்ரெட்டிலும் ஏ கம்பியின் பதினைந்தாம் ஃப்ரெட்டிலும் வாசித்துப் பாருங்கள். சுரம் ஒன்றே, குரல் மூன்று. மெதுவான பாடலுக்கு இவற்றில் எது பொருந்தும் என்று யோசித்து வாசிப்பவர் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

நாலு மாசமா எதுவும் வாங்கலை. ஆனா வாசிக்கவும் பிடிக்கலை. இது திருப்தியா, சலிப்பா அண்ணா?

சலிப்பு. திருப்தி உள்ளவருக்குக் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கத் தோன்றும். சலிப்புக்குப் பெரும்பாலும் காரணம், ஒரே பாடல்களை ஒரே இடத்தில் ஒரே விதமாக வாசிப்பதும், தனியாகவே வாசிப்பதும்தான். பேஸ் மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பதற்கென்றே இருக்கும் கருவி. வாரம் ஒரு முறையாவது ஒரு டிரம் கலைஞரோடோ, பாடும் நண்பரோடோ உட்காருங்கள்.

அதற்கு ஆள் கிடைக்காத நாட்களில் இதைச் செய்து பாருங்கள். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில், புதியதாக ஒன்றை எடுத்து, விரல் அகலத்துக்கு நறுக்கி, பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். சுரங்கள் நீளாமல், தோல் வாத்தியத்தைத் தட்டியதுபோல் திரண்டு விழும். டோன் குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, கட்டைவிரலால் மட்டும் ஒரு பழைய மெலடியின் பேஸ் வரியை வாசியுங்கள். ஸ்பாஞ்ச் தடித்து ஓசை அடைத்துக்கொண்டால், பாதியாகக் கிழித்து மறுபடி செருகுங்கள். செருகுவதற்கும் எடுப்பதற்கும் ஒரு நிமிடம் போதும், கிட்டாருக்கு எந்தச் சேதமும் வராது.